ஜிப்சம் மூட்டைக்கு முன், ஒரு குவளை மழைநீர்

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். ஒன்றில் பயிர் செய்து, மற்றதில் தேக்கு வைக்கலாம் என்று எண்ணம். மழை பெய்தால் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது, காய்ந்துவிட்டால் மண்வெட்டி இறங்குவதில்லை. மணல் அடித்தோம், தொழு உரம் போட்டோம், யூரியாவும் போட்டோம், பலன் இல்லை. தண்ணீர் வற்றிய பள்ளங்களில் கறுப்பாக ஒரு படலம் படிகிறது. மேல் 15 செ.மீ. மண்ணை ஆய்வுக்குக் கொடுத்ததில் கார அமில நிலை (pH) 9.1, மின் கடத்துதிறன் 0.6, பரிமாற்ற சோடியம் 28 சதவீதம், அயனிப் பரிமாற்றத் திறன் 20 என்று வந்திருக்கிறது. சிலர் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள், சிலர் ஜிப்சம் என்கிறார்கள், இன்னும் சிலர் தண்ணீரைக் கட்டி உப்பை அலசினாலே போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: சுண்ணாம்பு வேண்டாம். ஜிப்சம் வேண்டும். அலசலும் வேண்டும், ஆனால் ஜிப்சத்துக்குப் பிறகுதான். தேக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஏன் என்று தெரிந்துகொண்டால் வீண் செலவு குறையும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேச்சில் நாம் களர், உவர் இரண்டையும் ஒரே மூச்சில் ‘களர் உவர் நிலம்’ என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு நோய்கள். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கும். ஆனால் மண் பொலபொலவென்றுதான் இருக்கும், தண்ணீரும் இறங்கும். களர் நிலத்தில் கரைந்த உப்பு குறைவு. அங்கே சிக்கல் களித்துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம். உங்கள் அறிக்கையில் ‘பரிமாற்ற சோடியம்’ என்பது அதுதான். வழக்கமான எல்லைக்கோடு இது: தெவிட்டிய மண்சாற்றின் (நீரால் முழுதும் நனைத்துக் குழைத்த மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் நீரின்) மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டினால் உவர், பரிமாற்ற சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டி, கார அமில நிலையும் 8.5-க்கு மேல் போனால் களர். உங்கள் 0.6 பெரும்பாலும் மண்ணை இரண்டரை மடங்கு தண்ணீரில் கலக்கி அளந்ததாக இருக்கும். தெவிட்டிய சாற்றில் அளந்தால் இதைவிடச் சில மடங்கு கூடும். அப்படியும் 4-ஐ எட்டுவது அரிது. எனவே உங்களுடையது களர். கறுப்புப் படலமும் அதைத்தான் சொல்கிறது: காரம் இவ்வளவு ஏறும்போது மண்ணிலுள்ள மட்கு கரைந்து, தண்ணீரோடு மேலே வந்து கறையாகப் படிகிறது.

சரி, சோடியத்துக்கும் தண்ணீர் நிற்பதற்கும் என்ன தொடர்பு? களித்துகள்கள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளக்கூடியவை. கால்சியத்துக்கு இரட்டை நேர்மின் ஏற்றம். துகளை இறுக்கிப் பிடித்து, பக்கத்துத் துகளோடும் சேர்த்துவைக்கிறது. அப்படிச் சேர்ந்த கொத்துகளுக்கு இடையில்தான் காற்றும் நீரும் போகும் பெரிய துளைகள் உண்டாகின்றன. சோடியத்துக்கு ஏற்றம் ஒன்றுதான். போதாக்குறைக்கு, தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு தடித்து நிற்கும். அதன் பிடி தளர்வு. மழை விழுந்ததும் கொத்துகள் கலைகின்றன. கலைந்த களி நகர்ந்து போய்த் துளைகளை அடைக்கிறது. காய்ந்ததும் அதுவே ஓடாக இறுகுகிறது. உங்கள் வயலில் மூன்று நாள் தேங்குவது இந்த அடைப்புக்கு மேல் நிற்கும் தண்ணீர்தான்.

மணல் அடித்து ஏன் பலனில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. மணல், வண்டல், களி இவற்றின் விகிதம் மண்ணின் நயம். அது லேசில் மாறாது. ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மண்ணே ஏறத்தாழ 800 டன் இருக்கும். பத்து வண்டி மணல் அதில் எந்த மூலைக்கு? மாற்றக்கூடியது துகள்கள் சேர்ந்திருக்கும் விதம், அதாவது கட்டமைப்பு.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஆஸ்திரேலிய மண் அறிஞர் எமர்சன் 1967-இல் முறைப்படுத்திய சோதனை ஒன்று உண்டு. பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை ஒரு கண்ணாடிக் குவளை மழைநீரில் மெதுவாக இறக்குங்கள். ஆட்டக் கூடாது, கலக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் ஒரு முறை பாருங்கள். கட்டி உதிர்ந்து குவியலாகி, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் மட்குக் குறைவு. தொழு உரம் தொடர்ந்து போட்டாலே சரியாகும். கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் ஒரு மூட்டம் எழுந்து பரவினால் சோடியம். கிணற்று நீரில் செய்துவிடாதீர்கள். அதிலுள்ள உப்பே களியைச் சேர்த்துப் பிடித்து, தண்ணீரைத் தெளிவாகக் காட்டி ஏமாற்றிவிடும். ‘தண்ணீர் கட்டி அலசு’ என்ற யோசனையின் ஆபத்தும் இதுதான்: கால்சியம் கொடுக்காமல் நல்ல தண்ணீரால் அலசினால், இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பும் போய் மண் இன்னும் மோசமாகக் கலையும். வயலின் நான்கைந்து இடங்களில் கட்டி எடுத்துப் பாருங்கள். மூட்டம் எழாத பகுதிக்கு ஜிப்சம் தேவைப்படாமலே போகலாம்.

சுண்ணாம்பிலும் கால்சியம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் சுண்ணாம்புக்கல் கரைய அமிலம் வேண்டும், 9.1 காரத்தில் அது கல்லாகவே கிடக்கும். சுட்ட சுண்ணாம்போ காரத்தை மேலும் ஏற்றும். சுண்ணாம்பு புளிப்பு நிலத்துக்கான மருந்து. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்; லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் கரையும், காரத்தையும் கூட்டாது. அதன் கால்சியம் களியில் ஏற, சோடியம் இறங்கிச் சல்பேட்டோடு சேர்ந்து தண்ணீரில் போகும்.

இனி அளவு. பரிமாற்றத் திறன் என்பது கால்சியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகளை மண் மொத்தம் எவ்வளவு பிடித்துவைக்கும் என்ற அளவு. அது 20, அதில் சோடியம் 28 சதவீதம் என்றால் 5.6 அலகு சோடியம். அதை 10 சதவீதத்துக்கு, அதாவது 2 அலகுக்குக் கொண்டுவர 3.6 அலகை வெளியேற்ற வேண்டும். ஓர் அலகுக்கு ஒரு கிலோ மண்ணில் 0.86 கிராம் தூய ஜிப்சம். 800 டன் மண்ணுக்கு அது 690 கிலோ வருகிறது. 3.6-ஆல் பெருக்கினால் ஏக்கருக்குச் சுமார் 2.5 டன். வாங்கும் ஜிப்சத்தின் தூய்மை 80 சதவீதம் என்றால் 3.1 டன். இது மேல் 15 செ.மீ. மண்ணுக்கு மட்டுமான கணக்கு. கால்சியம் முழுவதும் களியில் ஏறிவிடாது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். ஆனாலும் முழு அளவையும் ஒரேயடியாகக் கொட்ட நான் சொல்ல மாட்டேன். பாதியைப் போட்டு, ஒரு பருவம் கழித்து அதே குவளைச் சோதனையைச் செய்து பார்த்து, பிறகு மீதியைப் போடுங்கள்.

ஜிப்சத்தைவிட எனக்கு வடிகால் பற்றித்தான் கவலை. வெளியேறிய சோடியம் எங்கே போகும்? போக வழியில்லாவிட்டால் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்து, கோடையில் மீண்டும் மேலே ஏறும். வயலைச் சுற்றி ஆழமான வடிகால் வாய்க்கால் எடுங்கள். நிலத்தடி நீர் மிக மேலாக, ஒரு மீட்டருக்குள் இருக்கிறதென்றால் அதை இறக்க வழி தேடும்வரை ஜிப்சம் வாங்க வேண்டாம். வாய்க்கால் ஆனபின் நிலத்தைச் சமன் செய்து, வரப்பைப் பலப்படுத்தி, பொடியான ஜிப்சத்தைத் தூவி மேல் 10 செ.மீ. மண்ணோடு கலந்துவிடுங்கள். ஆழ உழுது புதைத்தால் மேலோடு அப்படியே இருந்துவிடும். பிறகு தண்ணீர் கட்டுங்கள். கரையும் அளவை வைத்துப் பார்த்தால் 2.5 டன்னுக்கு வயலில் 25 செ.மீ. உயரத் தண்ணீர் தேவை. களி கால்சியத்தை உடனுக்குடன் இழுத்துக்கொள்வதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே போதும். ஒரே முறை நிரப்பாமல் நான்கைந்து முறை கட்டி, ஒவ்வொரு முறையும் மண்ணுக்குள் இறங்க விடுங்கள். மழைக்காலத்தை ஒட்டிச் செய்தால் பாதி வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

அலசல் முடிந்ததும் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். களரைத் தாங்கி வளரும் பயிர் அது. வேர் துளை போடும். மட்கும்போது வெளிவரும் கரியமில வாயு, மண்ணில் ஏற்கெனவே முடங்கிக் கிடக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைக்கும். முதல் பயிராக நெல் பொருத்தம். யூரியா இவ்வளவு காரத்தில் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும், அதனால்தான் பலன் தெரியவில்லை. அம்மோனியம் சல்பேட் மேல். துத்தநாகமும் இரும்பும் இந்தக் காரத்தில் பயிருக்கு எட்டாது என்பதால் துத்தநாக சல்பேட்டைச் சேர்த்தே போடுங்கள்.

பாசன நீரையும் ஆய்வுக்குக் கொடுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் (நீரிலுள்ள கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கால்சியம், மெக்னீசியத்தைவிட எவ்வளவு மிகுதி என்ற அளவு) லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலண்டுக்கு மேல் இருந்தால், ஒவ்வொரு பாய்ச்சலும் களரைத் திருப்பிக் கொண்டுவரும்.

மர ஏக்கருக்கு வருவோம். பயிருக்கு ஒரு சாண் மண்ணைத் திருத்தினால் பிழைத்துக்கொள்ளும். மரம் அப்படியல்ல. தேக்குக்கு ஆழமான, நீர் வடியும் மண் வேண்டும். இங்கே வைத்தால் சில ஆண்டுகள் நின்றுவிட்டு நுனி காயத் தொடங்கும். உங்கள் அறிக்கை மேல் மண்ணை மட்டுமே சொல்கிறது. ஒரு மீட்டர் வரை குழி வெட்டி, 30 செ.மீ.க்கு ஒரு மாதிரி எடுங்கள். வெட்டும்போதே சுண்ணாம்புக் கற்கள் செறிந்த இறுகிய அடுக்கு தட்டுகிறதா என்றும் பாருங்கள். தட்டினால், மரம் நடும் இடங்களில் மட்டும் துளைப்பானால் அந்த அடுக்கைத் தாண்டி 1.2 மீட்டர் ஆழத் துளை போட்டு, எடுத்த மண்ணோடு ஜிப்சமும் தொழு உரமும் கலந்து நிரப்பி நடலாம். ஏக்கர் முழுவதையும் திருத்த வேண்டியதில்லை. கருவேலம், மருது, சவுக்கு ஆகியவை களரைத் தாங்கும். சீமைக் கருவேலமும் தாங்கும், ஆனால் பக்கத்து ஏக்கரில் பயிர் செய்கிறவர் அதை வரவழைக்க வேண்டாம்.

குழி மாதிரிகளைக் கொடுக்கும்போது ‘ஜிப்சம் தேவை’ என்ற அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் மேலே போட்ட கணக்கோடு அது பெரிதாக வேறுபட்டால் ஆய்வகத்தின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய மண்ணில் கரைந்து கிடக்கும் சோடியம் கார்பனேட்டும் ஜிப்சத்தைத் தின்னும், என் கணக்கில் அது சேரவில்லை.