ஸ்டிஃப், ஃபேக்டரி: பங்க் காலத்து லேபிள்களில் எது உசத்தி?

கேள்வி இதுதான்: "எழுபதுகளின் கடைசியில் பிரிட்டனில் கிளம்பிய முரட்டு ராக் இசையான பங்க், அதையொட்டி வந்த நியூ வேவ் இரண்டையும் வெளியிட்ட லேபிள்களில், அதாவது இசைத்தட்டுக் கம்பெனிகளில், மான்செஸ்டரின் ஃபேக்டரிதான் நிஜமான கலை, லண்டனின் ஸ்டிஃப் வெறும் விளம்பரக் கூத்து என்கிறான் என் நண்பன். அவன் சொல்வது சரிதானா?"

நான் ஸ்டிஃப் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைக் கொஞ்சம் உப்புப் போட்டே படியுங்கள்.

உங்கள் நண்பர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று புரிகிறது. ஃபேக்டரி வெளியிட்ட ஜாய் டிவிஷன் குழுவின் 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' ஆல்பத்தின் உறையில் இருக்கும் அந்த வெள்ளை அலைக்கோடுகளைப் பாட்டே கேட்காதவர்கள்கூட டி-ஷர்ட்டில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஸ்டிஃப்பின் டி-ஷர்ட்டும் அந்தக் காலத்தில் பிரபலம்தான். ஆனால் அதில் இருந்தது படம் இல்லை, "ஸ்டிஃப் போடாத இசைத்தட்டு எதற்கும் பெறாது" என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம். "எதற்கும்" என்ற இடத்தில் அச்சில் இருந்தது பச்சையான கெட்ட வார்த்தை. ஒன்று மியூசியத்துக்குப் போனது, இன்னொன்றை வீட்டில் அம்மா துவைக்க மறுத்திருப்பார். இதை வைத்துக் கலை எது, கூத்து எது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஸ்டிஃப் தொடங்கியது 1976-ல். டேவ் ராபின்சன், ஜேக் ரிவியேரா என்று இரண்டு பேர். இருவரும் லண்டன் பப்களில் வாசித்துக்கொண்டிருந்த குழுக்களுக்கு மேனேஜராக இருந்தவர்கள், பெரிய கம்பெனிகள் அந்தக் குழுக்களைத் திரும்பிக்கூடப் பார்க்காததைக் கண்டு வெறுத்துப்போனவர்கள். முதலீடு 400 பவுண்டு, அதுவும் டாக்டர் ஃபீல்குட் குழுவின் பாடகர் லீ பிரில்லோ கொடுத்த கடன். ஆகஸ்டில் முதல் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு, வந்தது, பாடியவர் நிக் லோ. அட்டவணை எண் 'பை 1' (BUY 1), அதாவது "வாங்கு". ஆல்பங்களுக்கு எண் 'சீஸ்' (SEEZ), அதாவது "பிடி". எண்ணிலேயே வியாபாரி கூவுகிறான் பாருங்கள், எனக்குப் பிடித்தது அந்த வெட்கமின்மைதான்.

அதே வருடம் அக்டோபரில் தி டேம்ன்ட் குழுவின் 'நியூ ரோஸ்'. பிரிட்டிஷ் பங்க் குழு ஒன்றின் முதல் சிங்கிள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது இதைத்தான், செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் தட்டு ஒரு மாதம் பிந்தித்தான் வந்தது. அடுத்த பிப்ரவரியில் அவர்களின் ஆல்பம். அதன் பின்னட்டையில் டேம்ன்ட் படத்துக்குப் பதிலாகச் சில பிரதிகளில் எடி அண்ட் தி ஹாட் ராட்ஸ் என்ற வேறு குழுவின் படம், மேலே "தவறு நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும்" என்ற தொனியில் ஒரு ஒட்டுச்சீட்டு. தவறே இல்லை, வேண்டுமென்றே செய்தது. சேகரிப்பவர்கள் அந்தப் பிரதிக்காக அடித்துக்கொள்ளட்டும் என்றுதான்.

ஸ்டிஃப்பின் இன்னொரு பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் முதல் ஆல்பத்துக்கு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முதல் பிரதிகளுக்குள் ஒரு படிவம்: உங்கள் நண்பரின் முகவரியை எழுதி அனுப்புங்கள், முதல் ஆயிரம் பேரின் நண்பர்களுக்கு ஆல்பம் இலவசம். 1977 ஜூலையில் சிபிஎஸ் என்ற பெரிய அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனியின் மாநாடு லண்டன் ஹில்டனில் நடந்தபோது, வாசலில் காஸ்டெல்லோவைக் கிதாரோடு நிற்க வைத்துப் பாடவிட்டார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் சிபிஎஸ்ஸே அமெரிக்காவில் அவரை ஒப்பந்தம் செய்தது.

இதெல்லாம் கூத்துதான், மறுக்கவில்லை. ஆனால் கூத்து எதற்காக நடந்தது என்று பாருங்கள். பாடகர் இயன் ட்யூரிக்கு அப்போது 35 வயது. சிறுவயதில் போலியோ வந்து ஒரு காலும் ஒரு கையும் மெலிந்தவர். கிழக்கு லண்டன், எஸ்ஸெக்ஸ் பேச்சுவழக்கில் பாடுகிறார். பெரிய லேபிள்கள் கதவைச் சாத்தின. ட்யூரியின் மேனேஜர்களின் அலுவலகம் பேஸ்வாட்டரில் அலெக்சாண்டர் தெருவில் 32-ஆம் எண் கட்டடம், அதே கட்டடத்தில்தான் ஸ்டிஃப்பும் இருந்தது. ஆல்பம் மாடி தாண்டிப் போனது, அவ்வளவுதான். 1977 கடைசியில் ரிவியேரா சண்டை போட்டுக்கொண்டு காஸ்டெல்லோவையும் நிக் லோவையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார். கடை மூடப்போகிறது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் ஸ்டிஃப்பைத் தூக்கி நிறுத்தியது ட்யூரியின் ஆல்பம்தான். 1979 ஜனவரியில் அவருடைய 'ஹிட் மீ வித் யுவர் ரிதம் ஸ்டிக்' பிரிட்டனில் முதலிடம். அப்படி ஒரு மனிதரை அப்படி ஓர் இடத்துக்குக் கொண்டுபோக விளம்பரம் வேண்டும் ஐயா. இசைப் பத்திரிகை படிக்காதவர் காதுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று ஸ்டிஃப் நினைத்தது, அதற்காக எந்த கோமாளித்தனத்துக்கும் தயாராக இருந்தது.

ஃபேக்டரிக்கு வருவோம். டோனி வில்சன் மான்செஸ்டரில் கிரனாடா டிவியில் செய்தி வாசித்தவர், இசை நிகழ்ச்சியும் நடத்தியவர். (அந்த நிகழ்ச்சியின் பெயர் 'சோ இட் கோஸ்'. ஸ்டிஃப்பின் முதல் சிங்கிளின் பெயரும் அதேதான், இரண்டும் 1976. இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, சும்மா சொன்னேன்.) வில்சன், ஆலன் இராஸ்மஸ், வடிவமைப்பாளர் பீட்டர் சாவில், தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், ஜாய் டிவிஷனின் மேனேஜர் ராப் கிரெட்டன் என்று கூட்டாளிகள். அலுவலகம் டிட்ஸ்பரி பக்கம் பாலட்டைன் சாலையில் இராஸ்மஸின் ஃபிளாட். ஆரம்பப் பணத்தில் வில்சனின் தாயார் விட்டுச்சென்றதும் உண்டு. விளம்பரம் கிடையாது. இசைக்குழுவுக்கும் கம்பெனிக்கும் லாபத்தில் பாதிப் பாதி. பாட்டுகள் கலைஞர்களுக்கே சொந்தம், கம்பெனிக்கு எதுவும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று ஒரு தாளில் எழுதி வைத்தார்கள். வில்சன் தன் ரத்தத்தால் எழுதியதாகக் கதை, கதை சொன்னவரும் வில்சன்தான்.

அந்தச் சுதந்திரம் வெறும் பேச்சில்லை. ஓஎம்டி என்ற குழு முதல் சிங்கிளை ஃபேக்டரியில் போட்டுவிட்டு, விர்ஜின் கம்பெனியின் கிளை லேபிளுக்குப் போனபோது யாரும் தடுக்கவில்லை.

இரண்டு லேபிள்களின் வித்தியாசம் உறையைவிட ஒலியில்தான் நன்றாகத் தெரியும். ஸ்டிஃப்பின் ஆரம்பத் தட்டுகளில் பல வடக்கு லண்டனில் பாத்வே என்ற எட்டு டிராக் ஸ்டுடியோவில், நிக் லோ தயாரிப்பில் பதிவானவை. லோவின் பட்டப்பெயர் 'பாஷர்', அடித்து ஆடிவிட்டு நகர்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேம்ன்ட்டின் டிரம்ஸைக் கேட்டால் அறையே நடுங்குவது கேட்கும். ஹானெட் இதற்கு நேர் எதிர். ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் ஜாய் டிவிஷனின் டிரம்மர் ஸ்டீபன் மாரிஸை உட்கார வைத்து, ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாக அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். ஒன்றின் ஓசை இன்னொன்றில் கசியக்கூடாதாம். அப்புறம் ஓசையைத் தாமதித்து எதிரொலிபோலத் திருப்பித்தரும் டிஜிட்டல் டிலே கருவி வழியாக அதை அனுப்பினார். அதனால்தான் 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' ஆல்பத்தில் டிரம்ஸ் யாருமில்லாத பெரிய கிடங்கில் ஒலிப்பதுபோல வருகிறது. மேடையில் முரட்டுத்தனமாக வாசித்த பையன்களுக்கு அந்த ஒலி பிடிக்கவே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஃபேக்டரிக்கு முழு மதிப்பெண். ஹானெட் மாதிரி ஒருவர் ஸ்டிஃப்பில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்.

உறை விஷயத்தில்தான் எனக்குப் பொறுமை போய்விடும். டுருட்டி காலம் (Durutti Column) என்ற ஃபேக்டரி குழுவின் முதல் ஆல்பத்துக்கு உப்புத்தாளில் உறை, பக்கத்தில் இருக்கும் தட்டை அது சுரண்டிக் கெடுக்க வேண்டும் என்பது யோசனை. ஒட்டும் வேலை பார்த்தது ஜாய் டிவிஷன் பையன்கள். 1983-ல், ஜாய் டிவிஷனில் மிஞ்சியவர்கள் நடத்திய நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே' சிங்கிள். சாவில் அதைக் கணினி ஃபிளாப்பி டிஸ்க் மாதிரி வடிவமைத்தார். அட்டையில் ஓட்டைகள் வெட்ட வேண்டும், எழுத்தே கிடையாது, வண்ணக் கட்டங்களில் சங்கேத மொழி. அச்சுச் செலவு எகிறி, விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் சில பென்ஸ் நஷ்டம் என்று வில்சன் பெருமையாகவே சொல்லித் திரிந்தார். அந்தத் தட்டு உலகிலேயே அதிகம் விற்ற பன்னிரண்டு அங்குல சிங்கிளாகவும் ஆனது. கல்யாணச் சாப்பாட்டுப் பணத்தைப் பத்திரிகை அடிக்கவே செலவழித்த வீடு மாதிரி. பிறகு சத்தமில்லாமல் ஓட்டை இல்லாத மலிவு உறைக்கு மாறினார்கள்.

ஃபேக்டரி எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தது என்பது பலருக்கும் தெரிந்த வேடிக்கை. முதல் எண் தட்டுக்கில்லை, ஒரு சுவரொட்டிக்கு. மான்செஸ்டரில் அவர்களே நடத்திய ஹசியெண்டா இரவு நடன கிளப்புக்கு 51. ஹானெட் கம்பெனி மேல் போட்ட வழக்குக்கு 61. கிளப்பில் இருந்த பூனைக்கு 191. வில்சன் 2007-ல் இறந்தபோது அவருடைய சவப்பெட்டிக்கு 501.

அந்த 51-தான் அவர்களைச் சாய்த்தது. 1982-ல் திறந்த ஹசியெண்டா, நியூ ஆர்டர் சம்பாதித்ததை வருடக்கணக்காக விழுங்கியது. 1990-ல் சார்லஸ் தெருவில் பகட்டான புது அலுவலகம், அதில் கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கும் மீட்டிங் மேஜை. ஃபேக்டரியின் இன்னொரு குழுவான ஹாப்பி மண்டேஸ் ஆட்கள் அதன்மேல் ஏறி உடைத்தார்கள். அதே குழுவை 1992-ல் ஆல்பம் பதிவு செய்ய பார்படாஸுக்கு அனுப்பினார்கள், பணமும் போதையும் கரைந்ததுதான் மிச்சம். கடைசியில் லண்டன் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள் ஃபேக்டரியை விலைக்கு வாங்க வந்தது. கணக்கைத் திறந்து பார்த்தால் அந்தப் பழைய தாள். நியூ ஆர்டரின் பாட்டுகள் ஃபேக்டரிக்குச் சொந்தமில்லை. அப்புறம் கம்பெனியை எதற்கு வாங்குவது? நவம்பரில் ஃபேக்டரி திவால். நியூ ஆர்டர் தன் பாட்டுகளோடு லண்டன் ரெக்கார்ட்ஸுக்கே போய்ச் சேர்ந்தது.

அந்தத் தாள்தான் ஃபேக்டரியைக் கவிழ்த்தது என்று நிறையப் பேர் எழுதுவார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை, காரணம் வாஷிங்டனில் இருக்கிறது. இயன் மெக்கையும் ஜெஃப் நெல்சனும் 1980-ல் டிஸ்கார்ட் லேபிளைத் தொடங்கினார்கள், தங்கள் டீன் ஐடில்ஸ் குழு கச்சேரிகளில் சேர்த்து வைத்திருந்த சில நூறு டாலரை வைத்து. உறையை வீட்டிலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். அங்கும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கிடையாது, லாபப் பங்கீடுதான். மெக்கையின் பிந்தைய குழுவான ஃபுகாசியின் தட்டுகளின் உறையிலேயே தபால் செலவு சேர்த்து விலை அச்சடித்துவிடுவார்கள், கடைக்காரர் ஏற்ற முடியாது. அந்த லேபிள் நாற்பது வருடம் தாண்டியும் உயிரோடிருக்கிறது. அவர்கள் கிளப் கட்டவில்லை, தொங்கும் மேஜை வாங்கவில்லை.

இந்தச் சண்டையில் எப்போதும் விட்டுப்போகும் பெயர் ஒன்று உண்டு, ரஃப் ட்ரேட். 1976-ல் மேற்கு லண்டனில் ஜெஃப் டிராவிஸ் திறந்த கடை, 1978 முதல் லேபிள். அதன் பெரிய வேலை வினியோகம். மான்செஸ்டர் பங்க் குழுவான பஸ்காக்ஸ் 1977 ஜனவரியில் கடன் வாங்கிச் சொந்தமாக ஆயிரம் தட்டு அடித்தபோது, அடுத்து ஆயிரக்கணக்கில் அது பரவக் காரணம் இந்த மாதிரிக் கடைகள்தான். ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற குழுவினர் 1978-ல் தங்கள் முதல் தட்டின் உறையில் பதிவுச் செலவு, அச்சுச் செலவு, லேபிளில் குத்திய ரப்பர் ஸ்டாம்பின் விலை வரை போட்டார்கள், படிப்பவனும் போய் ஒரு தட்டு அடிக்கட்டும் என்று. 1980களின் தொடக்கத்தில் லிவர்பூல், பிரிஸ்டல், யார்க், நாரிச் கடைகளெல்லாம் ரஃப் ட்ரேடோடு சேர்ந்து 'கார்டெல்' என்ற பெயரில் நாடு முழுக்கத் தட்டுகளை அனுப்பின. அதில்லாமல் வடக்கே இருந்த சின்ன லேபிள்கள் லண்டன் கம்பெனிகளிடம் கையேந்தியிருக்கும். ஸ்டிஃப் அந்தச் சிரமமே படவில்லை, ஐலண்ட் போன்ற பெரிய கம்பெனியின் வினியோகத்தைப் பிடித்துக்கொண்டது. உங்கள் நண்பர் ஸ்டிஃப்பைத் திட்ட வேண்டுமானால் இதற்காகத் திட்டட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அப்போ தீர்ப்பு? 1979-ல் எனக்கு ஒரு குழு இருந்திருந்தால் கையெழுத்து ஃபேக்டரியில்தான் போட்டிருப்பேன், அந்தத் தாளுக்காக. ஆனால் அலமாரியிலிருந்து எடுத்து ஓடவிடுவது ஸ்டிஃப் சிங்கிள்களைத்தான். ஃபேக்டரியின் முதல் ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு வந்ததில் பாதியை உறைக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம், ஹாப்பி மண்டேஸ் ரசிகர்கள் என்னை மன்னிக்க வேண்டாம்.

நண்பரிடம் வாதாடுவதை விட்டுவிட்டு 'ஹிட் மீ' சிங்கிளின் பி பக்கத்தை, அதாவது பின்பக்கப் பாட்டை, போட்டுக் காட்டுங்கள். நோயெல் கவர்ட், வான் கோ, ஐன்ஸ்டைன் மூவரையும் தெருவில் பார்த்த பையன்களைப்போலப் பாராட்டித் தள்ளும் பாட்டு. முதலிடம் பிடித்த தட்டின் பின்பக்கத்தில் இப்படி ஒன்றை வைக்க ஸ்டிஃப்பால்தான் முடியும். ட்யூரி அந்தப் பெரிய ஹிட்டை அடுத்து வந்த ஆல்பத்தில் சேர்க்கவும் இல்லை, சிங்கிள் வாங்கியவனிடம் இரண்டாம் முறை காசு பிடுங்கக் கூடாது என்று.