மனைவியின் பிறந்தநாளுக்குக் குற்றாலம்: தண்டையார்பேட்டையிலிருந்து போய் வந்த கதை

கேள்வி: வடசென்னையில் இருக்கிறோம். ஜூலையில் மனைவியின் பிறந்தநாள். சொந்த வண்டி இல்லை, சனி ஞாயிறு மட்டும்தான் லீவு. இரண்டு பேர் மட்டும் எங்கே போய் வரலாம்?

குற்றாலம் போங்கள். ஜூலை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் வேறு ஊரே தோன்றவில்லை. நாங்களும் தண்டையார்பேட்டைதான், என் மனைவியின் பிறந்தநாளும் ஜூலைதான். 2024-ல் வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, திங்கள் காலை வீடு திரும்பினோம். ஐந்து வயது மகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் போன முதல் ஊர் அது.

ஏன் குற்றாலம் என்பதற்கு எங்கள் வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. என் மனைவி காசிமேட்டில் வளர்ந்தவள், வீட்டுக்கு மூத்த பெண். பள்ளிக்கூடம் போகுமுன் அடிபம்பில் தண்ணீர் அடிப்பது அவள் வேலை. லாரி வரும் நாளில் வரிசையில் குடத்தைப் போட்டுவிட்டுக் காவல் நிற்பதும் அவள்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டபோது எங்கள் மகள் கைக்குழந்தை. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டாலும் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் குடத்தோடு ஓடுவாள். இன்றைக்கும் அவளுக்குக் கணக்கெல்லாம் குடத்தில்தான். துணி அலச இத்தனை குடம், பாத்திரம் கழுவ இத்தனை குடம் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவளை யாரும் அளக்காத தண்ணீருக்குக் கீழே ஒரு தடவை நிற்க வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஊட்டி, கொடைக்கானல் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். வண்டியில் போனால் இ-பாஸ், அதற்கு மேல் மலைப்பாதையில் வாந்தி, இரண்டு நாளில் பாதி வண்டியிலேயே போய்விடும். பழவேற்காடு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது காலையில் போய் மாலையில் திரும்புகிற இடம். குற்றாலம் தூரம்தான், இருந்தாலும் அந்தத் தூரத்தை ராத்திரி தூக்கத்திலேயே கடந்துவிடலாம்.

தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கினோம். அங்கிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ். காலையில் கடையநல்லூர் தாண்டும்போது அவளை எழுப்பி வலப்பக்க ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். மேற்கு மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. முந்தின நாள் வரை வேர்வையில் ஊறிக் கிடந்தவர்கள் நாங்கள், தென்காசியில் இறங்கியதும் முகத்தில் பட்ட காற்றே வேறாக இருந்தது. டிக்கெட் விஷயத்தில் மட்டும் அசந்துவிடாதீர்கள். நாங்கள் போனபோது 120 நாள் முன்பே பதிவு செய்ய முடிந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள். சீசனில் வெள்ளிக்கிழமை டிக்கெட் உடனே தீர்ந்துவிடும், அதனால் பதிவு திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள். எழும்பூரில் கட்டுமான வேலை நடப்பதால் ரயில் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சீசன் என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். கேரளாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் இந்தப் பக்கம் நழுவி வரும். கூடவே பூப்போலத் தூறல். அதைத்தான் சாரல் என்கிறார்கள். குடை தேவையில்லை, ஆனால் தலை எப்போதும் லேசாக ஈரமாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அருவியில் தண்ணீர் வரும். இந்தச் சாரலும் இந்தக் காற்றும் அப்போது கிடைக்காது.

தங்குமிடத்தில்தான் எங்களுக்கு அடி விழுந்தது. போனில் படம் பார்த்து, அருவிக்கு நடக்கிற தூரத்தில் ஒரு ரூம் சொல்லி வைத்து, பாதிப் பணமும் அனுப்பியிருந்தேன். போய் நின்றால் அதை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மீதியிருந்த ரூமுக்கு ஜன்னலே இல்லை, வாடகையும் இரண்டு மடங்கு. பிறந்தநாளுக்கு என்று அழைத்து வந்துவிட்டு, பையோடு அவளைத் தெருவில் நிற்க வைத்தது எனக்கு ரொம்ப வலித்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஆட்டோ டிரைவரிடம், "அண்ணா, கூட்டம் இல்லாத பக்கம் எதாவது வீடு கிடைக்குமா?" என்று கேட்டாள். அவர் இலஞ்சியில் ஒரு மாடி வீட்டுக்கு அழைத்துப் போனார். ஜன்னலைத் திறந்தால் வயல், அதற்குப் பின்னால் மலை. அருவிக்கு ஆட்டோவில் சில நிமிஷம்தான். அதனால் சொல்கிறேன், அருவி வாசலிலேயே ரூம் தேடாதீர்கள். இலஞ்சி, மேலகரம், தென்காசி என்று கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பவும் வேண்டாம்.

இன்னொன்றைப் போகும் முன்பே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அருவியில் ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். கைகோத்துக்கொண்டு ஒன்றாக நிற்கலாம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அது முதலில் குறையாகத்தான் பட்டது. உள்ளே போய்விட்டு வந்த பிறகு அவள் சொன்னது வேறு: பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அக்கா ஒருத்தி இவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாளாம், இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்களாம். வீட்டு ஆம்பளைங்க யாரும் பார்க்காத இடத்தில் அப்படிக் கத்தியதே பெரிய சந்தோஷம் என்றாள். எடுத்துப் போக வேண்டியது கெட்டித் துணியில் அடர்நிறச் சுடிதார், இரண்டு துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பை. கம்மல், கொலுசை ரூமிலேயே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள், விழுகிற வேகத்தில் போனதே தெரியாது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் போட அனுமதி கிடையாது.

குளிக்கத் தடை போட்டால் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிவிடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலம் என்கிற அருவியில் திடீர் வெள்ளத்தில் ஒரு 17 வயதுப் பையன் இறந்துபோனான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் மேலே காட்டில் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்துவிடும். பெரிய அருவியான மெயினருவியில், தண்ணீர் அங்கே இருக்கும் பாதுகாப்பு வளைவை (ஆர்ச்) தாண்டி விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். நாங்கள் போன சனிக்கிழமையும் மத்தியானம் வரை தடைதான். அவள் முகம் வாடாமல் இருக்கக் குற்றாலநாதர் கோயிலுக்கும் பக்கத்துச் சித்திரசபைக்கும் போனோம். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று அது. இங்கே அவர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சாயங்காலம் ஐந்தருவிச் சாலையோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கினோம். மங்குஸ்தானை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மகளுக்கென்று நாலு எடுத்துப் பையில் பத்திரப்படுத்தினாள்.

ராத்திரி செங்கோட்டைக்குப் பக்கத்துப் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சிக்குள் இருந்தது. எல்லைக்கோடு போய்விட்டாலும் பார்டர் என்ற பேர் தங்கிவிட்டது. அசைவம் சாப்பிடுபவர்கள் என்றால் தவற விடாதீர்கள். கேக் கிடைக்கவில்லையே என்று நான் வருத்தப்பட்டபோது, பரோட்டா மேல் மெழுகுவர்த்தி வைக்கட்டுமா என்று கேட்டுச் சிரித்தாள்.

மெயினருவிக்கு விடியுமுன் போக வேண்டும். ஞாயிறு, அவள் பிறந்தநாள். நாலரை மணிக்கு ஆட்டோ வரச் சொல்லியிருந்தோம். அருவி கண்ணுக்குத் தெரியுமுன் சத்தம் கேட்டது, அப்புறம் காற்றோடு தெறித்த தண்ணீர் முகத்தில் பட்டது. விளக்கு வெளிச்சத்தில் மேலே இருட்டிலிருந்து வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் அதிகமில்லை. பொட்டு, செயின் எல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள்.

நான் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். முதுகில் யாரோ உலக்கையால் குத்துவது போல இருந்தது, அதற்கு மேல் நிற்க முடியவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தேன். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. லேசாக வெளுக்க ஆரம்பித்தது. எனக்குப் பயம் வந்து, பெண்கள் பக்கம் காவலுக்கு நின்ற போலீஸ்கார அம்மாவிடம் விசாரித்தேன். "உள்ள போனா யாரு சார் சீக்கிரம் வர்றாங்க?" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். உதடு நீலமாகி, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. துண்டை அவள் தலையில் போட்டேன். துவட்டிக்கொள்ளாமல் திரும்பி அருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது எத்தனை கொடம் இருக்கும்?"

எனக்குத் தெரியலைம்மா என்றேன்.

"நானும் எண்ணலாம்னுதான் பாத்தேன்" என்றாள். அப்புறம் துண்டைத் திருப்பி என் கையிலேயே கொடுத்து, "இன்னொரு வாட்டி போயிட்டு வந்துடறேனே" என்று கேட்டாள்.

ரயில் சாயங்காலம்தான். போயிட்டு வா என்றேன்.