டிஎன்ஏ தடுப்பூசி போட்ட இடத்தில் கரண்ட் வைப்பார்களாமே, ஆபத்தில்லையா?

டிஎன்ஏ தடுப்பூசி போட்டு ஷாக் வைக்கிறார்கள் என்று சுற்றும் அந்த வாட்ஸ்அப் வீடியோதான் உங்களுக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பக் குழுவில் அதைப் போட்டுவிட்டு, "நீ படிச்ச படிப்பு இதுதானேப்பா, ஜனங்களுக்கு ஷாக் வைக்கத்தான் அத்தனை வருஷமா?" என்று சித்தப்பா கேட்டார். பெரியவரிடம் வாயாட முடியுமா? அதனால் இங்கே எழுதுகிறேன்.

மின்துடிப்பு வைப்பது உண்மை. கிருமியின் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பை நம் செல்லுக்குக் கொடுத்து, அதை எதிர்க்க உடலைப் பழக்குவதுதான் இந்த வகைத் தடுப்பூசி. அந்தக் குறிப்பு எம்ஆர்என்ஏ (டிஎன்ஏவின் நகல் போன்றது) வடிவில் இருந்தால் செல்லுக்குள் போனாலே வேலை நடக்கும்; டிஎன்ஏ உட்கரு வரை போயாக வேண்டும். வெறும் ஊசியாகப் போட்டால் பெரும்பகுதி வெளியிலேயே கிடந்து சிதைந்துவிடும். சில மில்லிநொடித் துடிப்புகள் கொடுத்தால் செல்சவ்வு இளகி வழிவிடும், பிறகு மூடிக்கொள்ளும். நியூமன் என்ற விஞ்ஞானியின் குழு 1982இலேயே எலிச் செல்களில் செய்து காட்டிய வழி இது.

நான் பிஎச்.டி. செய்தபோது ஈ.கோலை பாக்டீரியாவில் இதையேதான் செய்தேன். இரு மின்தகடுகளுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள குவெட் என்ற சின்னக் குப்பி, 1,800 வோல்ட், 5 மில்லிநொடி. துளி உப்பு மிச்சமிருந்தாலும் கரண்ட் அதன் வழியே பாய்ந்து 'டப்'பென்று பொறி பறந்து செல்லெல்லாம் காலி. பக்கத்து லேபிலிருந்து "என்ன, தீபாவளியா?" என்று குரல் வரும். அதற்காகவே ஐஸில் வைத்து, கிளிசரால் கலந்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவுவோம். குவெட் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டிய பொருள். எங்கள் பர்ச்சேஸ் பிரிவோ மூன்று கொட்டேஷன் கேட்டு, ஒன்றில் சீல் சரியில்லை என்று திருப்பி அனுப்பும். பழையதையே ஆல்கஹாலில் கழுவி ஓட்டினோம். பெல்லோஷிப் பணமும் மாசக்கணக்கில் வராது; மெஸ் பாக்கிக்கு ஊரிலிருந்து வாங்கிக் கட்டியவர்கள் எங்களில் எத்தனையோ பேர். ஆராய்ச்சியில் நாடு ஏன் பின்தங்கியிருக்கிறது என்று டிவியில் விவாதிப்பவர்கள் அந்த மெஸ்ஸில் ஒரு மாசம் சாப்பிட்டுப் பார்க்கட்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1,800 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அது பாக்டீரியாவுக்கு. மனிதத் தசையில் வைக்கும் மின்னழுத்தம் அதைவிட மிகக் குறைவு. தசை வெட்டி இழுக்கும், வலிக்கும். இல்லை என்று சொல்லமாட்டேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருந்த பெண்களிடம் இனோவியோ என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒரு டிஎன்ஏ மருந்தைத் துடிப்போடு கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2015இல் வந்தது: மருந்து பெற்றவர்களில் 49.5 சதவீதம் பேருக்குப் பாதிப்பு பின்வாங்கியது, டம்மி ஊசி பெற்றவர்களில் 30.6. டம்மி பெற்றவர்களுக்கும் துடிப்பு உண்டு, ஆக வித்தியாசம் கரண்டால் வந்ததல்ல. மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: அந்த மருந்துக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, அதையும் நானே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. மனிதர்களுக்கு உலகிலேயே முதலில் அனுமதி பெற்ற டிஎன்ஏ தடுப்பூசி நம் சைடஸ் நிறுவனத்தின் சைகோவ்-டி. 2021 ஆகஸ்டில் அவசர அனுமதி, மூன்று தவணை. அதில் கரண்டும் இல்லை, ஊசியும் இல்லை. மருந்தை வேகமாகப் பீய்ச்சித் தோலுக்குள் செலுத்தும் கருவிதான். இதை எந்த வீடியோவும் சொல்லாது.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சாத் பம்லா என்ற ஆராய்ச்சியாளரின் குழு லைட்டரில் பொறி கிளப்பும் பாகத்தை வைத்தே மின்துடிப்புக் கருவி செய்துவிட்டது. அதே யோசனையில் நுண்ணூசிகள் பொருத்தி, 2021இல் எலிகளுக்குக் கோவிட் டிஎன்ஏ தடுப்பூசியும் போட்டுப் பார்த்தார்கள். எங்கள் பர்ச்சேஸ் பிரிவு அதற்கும் மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் கவலை நியாயம்தான். இந்த மாதிரிச் சோதனைகளில் அவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை.