வாட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: என் கணினியில் இன்டெல் ஐ5-10400 பிராசஸரும், 450 வாட் என்று அச்சிட்ட, பெயர் தெரியாத நிறுவனத்தின் பவர் சப்ளையும் உள்ளன. அதன் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருக்கிறது. இதில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தலாமா? கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் இணைப்பு பவர் சப்ளையில் இல்லாததால், ஹார்டு டிஸ்க் ஒயரிலிருந்து கன்வெர்ட்டர் ஒயர் போடலாம் என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: பொருத்த வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் 12 வோல்ட் வழியாகவே மின்சாரம் எடுப்பதால், 450 என்ற எண்ணைவிட நீங்கள் குறிப்பிட்ட அந்த 16 ஆம்பியரே முக்கியமானது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட்தான் வருகிறது. அந்தக் கார்டுக்கு மட்டுமே 170 வாட் வேண்டும், பிராசஸருக்குக் குறைந்தது 65 வாட். கார்டை வடிவமைத்த என்விடியா நிறுவனம் பரிந்துரைப்பது 550 வாட் பவர் சப்ளை.

கன்வெர்ட்டர் யோசனையை நான் ஏற்கவில்லை. 8 பின் இணைப்பு 150 வாட் வரை தருவதற்கென அமைந்தது. ஹார்டு டிஸ்க்குக்கான மெல்லிய ஒயரில் அந்தச் சுமையை ஏற்றினால் இணைப்பு சூடேறி உருகக்கூடும்.

12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாத, மின்சாரம் அதிகம் வீணாகாது என்பதற்கான 80 பிளஸ் சான்று பெற்ற 550 வாட் பவர் சப்ளையை முதலில் வாங்குங்கள். பம்ப்செட்டுகள் ஓடும் குறுவைக் காலத்தில் உங்கள் பகுதியில் மின்னழுத்தம் இறங்குமானால், உள்ளீடு 100–240 வோல்ட் என்று லேபிளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால், அவற்றில் பல 360 வாட்டுக்கு மேல் தாங்காது என்பதால், கேம் ஆடும்போது மானிட்டரையும் அதிலேயே மாட்டாதீர்கள்.