தறிக்கு நடுவே வாசகம்

கேள்வி: ஃபாதர், வீட்டோடு விசைத்தறி வைத்திருக்கிறோம். திருப்பலியில் வாசிக்கும் அன்றைய பைபிள் வாசகங்களைப் படிக்க உட்கார்ந்தால் பாவு நூல் அறுந்துவிடுகிறது. பாதியில் எழுந்து போவது பாவமா?
- ஒரு வாசகி, சோமனூர்

பதில்: பாவமெல்லாம் இல்லை அம்மிணி. முதலில் போய் நூலை முடியுங்கள். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும், அது ஆண்டவருக்கும் தெரியும்.

ஞாயிறு மாதிரி வாரநாளில் இரண்டாம் வாசகம் கிடையாது. முதல் வாசகம், பதிலுரைப் பாடல், நற்செய்தி, அவ்வளவுதான். பொதுக்காலத்து (கிறிஸ்துமஸ், தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் தவிர்த்த) வாரநாள்களில் முதல் வாசகம் 2 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும்; நற்செய்தியோ வருடா வருடம் அதேதான். ஞாயிறுக்கு 3 ஆண்டுச் சுற்று. ஆக, இன்று விட்டது தொலைந்து போகாது, திரும்ப வரும்.

அதனால் நற்செய்தியை மட்டும் முந்தின இரவே, சோறு உண்டு பாத்திரம் கழுவியதும் படித்து வையுங்கள். அதில் ஒரு வரி போதும். மறுநாள் நாடாவில் தார் (ஊடுநூல் சுற்றிய குச்சி) மாற்றும்போதெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள். சத்தத்தில் யாருக்கும் கேட்காது, அதுவும் ஒரு வசதிதானே! ஜெபத்தில் வார்த்தைகளை அடுக்க வேண்டாமென்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 6:7).

அப்புறம், மூன்றையும் முழுசாகப் படிக்கத்தான் வேண்டுமென்று வீட்டில் யாராவது சொன்னால், அதுவரை தறியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.