பறித்துச் சென்ற போனுக்கு ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: பைக்கில் வந்த இரண்டு பேர் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் “தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுங்க, சி.எஸ்.ஆர். (மனு ரசீது) போட்டுத் தர்றோம்” என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்:

கொடுக்காதீர்கள். தொலைந்தது என்றால் அங்கே குற்றமே நடக்கவில்லை, எஃப்.ஐ.ஆர். போடும் கடமையும் ஸ்டேஷனுக்கு இல்லை. நாளைக்கு வேறொரு வழக்கில் பிடிபட்டவனிடம் உங்கள் போன் இருந்தால்கூட “ரோட்டில் கிடந்தது, எடுத்தேன்” என்பான். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளையே அவன் வக்கீல் குறுக்கு விசாரணையில் உங்களிடம் நீட்டுவார். கண்டெடுத்த பொருளை உரியவரைத் தேடாமல் அமுக்கிக்கொள்வதும் குற்றம்தான் (புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 314). ஆனால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது.

1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304-ஆவது பிரிவு வந்துவிட்டது. பழைய இ.பி.கோ.வில் (இந்திய தண்டனைச் சட்டம்) இது தனியாக இல்லை. திருட்டு என்று 379-இல் போடுவார்கள், இல்லையென்றால் வழிப்பறி என்று 392-க்குக் கொண்டுபோவார்கள். இப்போது திடீரென்றோ, வேகமாகவோ, பலவந்தமாகவோ ஒருவரிடமிருந்து பொருளைப் பிடுங்கினால் 304. மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

“பழைய போன்தானே, அஞ்சாயிரம் தேறாதே” என்ற பேச்சு வந்தால் கவனியுங்கள். வெறும் திருட்டுக்கு, அதாவது பிரிவு 303-க்கு, ஒரு விலக்கு இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல்முறை தண்டனை பெறுபவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றங்களின் பட்டியலில் அது போய்விடுகிறது. பறிப்புக்கு அந்த விலை வரம்பு கிடையாது. 800 ரூபாய் பட்டன் போனாக இருந்தாலும் கையிலிருந்து பிடுங்கினால் 304-தான்.

பிடுங்கும்போதோ தப்பும்போதோ வேண்டுமென்றே அடித்தான், தள்ளிவிட்டான், வழிமறித்தான், கத்தியைக் காட்டினான் என்றால் அது வழிப்பறி, பிரிவு 309. பத்து ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் 14 ஆண்டு வரை போகும். காயம் சிராய்ப்பாக இருந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படிப் பட்டது என்பதை ஏ.ஆர். பதிவில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) எழுதச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்துப் போனால் சிராய்ப்பு ஆறியிருக்கும், வழக்கும் ஆறிவிடும்.

ஆகவே புகாரில் பிரிவு எண்ணை நீங்கள் எழுத வேண்டியதில்லை, நடந்ததை எழுதினால் போதும். “எனது செல்போன் காணாமல் போய்விட்டது, கண்டுபிடித்துத் தரவும்” என்று எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதுங்கள்: “இரவு சுமார் 8.40 மணிக்கு, பஸ் ஸ்டாப்பிலிருந்து வடக்கே நடந்து போகையில், பின்னால் பைக்கில் வந்த இருவரில் பின்சீட்டில் இருந்தவர் என் வலது கையிலிருந்த போனைப் பிடுங்கினார். நான் விடாததால் என் தோளில் கைவைத்துத் தள்ளினார். கீழே விழுந்ததில் இடது முழங்கையில் காயம்.” இதோடு போனின் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண்கள் இரண்டும் (போனுக்கே உரிய அடையாள எண்கள், பெட்டியின் ஸ்டிக்கரிலும் பில்லிலும் இருக்கும்), சிம் எண், அருகில் எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்பது. நடக்காததைச் சேர்க்காதீர்கள். இல்லாத கத்தியை எழுதிவிட்டு, கேமரா பதிவில் கத்தி இல்லையென்றால் மிச்சமிருக்கும் உண்மையும் அடிபடும்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பிறகு எஃப்.ஐ.ஆர். போட, குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(3) இடம் தருகிறது. அந்த 14 நாள் தாண்டினாலோ, வாங்கவே மறுத்தாலோ, அதே புகாரை எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு) ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஸ்.பி. படியைத் தாண்டி நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் சிம்மை முடக்குங்கள், ஓ.டி.பி. அங்கேதான் வரும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். டூப்ளிகேட் சிம் வாங்கியதும் தொலைந்த, திருடுபோன போன்களை முடக்கும் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் புகார் நகலை ஏற்றி ஐ.எம்.இ.ஐ.யை முடக்கலாம். புது சிம்மில் எஸ்.எம்.எஸ். வர 24 மணி நேரம் வரை ஆகலாம், பதறாதீர்கள். முடக்கினால் போலீஸால் தேட முடியாது என்று சிலர் சொல்வது தவறு.

போன் கிடைத்துவிட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பில், பெட்டி, எஃப்.ஐ.ஆர். நகலோடு வழக்கு இருக்கும் கோர்ட்டில் ‘ரிட்டர்ன் ஆஃப் ப்ராப்பர்ட்டி’ (பொருளைத் திருப்பிக் கேட்கும்) மனு போடுங்கள். விற்க மாட்டேன், கேட்கும்போது காட்டுவேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். பில் இல்லையென்றால் வாங்கிய கடையில் இப்போதே நகல் கேட்டு வையுங்கள்.