கொரோனா பாசிட்டிவ் ஆன தாய் பால் கொடுக்கலாமா? ஏன் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி சொன்னார்கள்?

கேட்டவர் வீட்டில் யாரோ நிறைமாதமாக இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் பதில்: கொடுக்கலாம். மாஸ்க் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலிருந்தே இதைத்தான் சொல்கிறது.

நாடுகள் மாற்றி மாற்றிச் சொன்னது உண்மை. சீனாவில் ஆரம்பத்தில் தாயையும் பிள்ளையையும் 14 நாள் பிரித்துவைத்து, தாய்ப்பாலும் வேண்டாம் என்றார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2020 ஏப்ரலில் பிரிக்கச் சொல்லி, ஜூலையில் மாற்றிக்கொண்டது. இத்தாலியிலோ, நோய் தீவிரமில்லாத தாயோடு பிள்ளையை விடலாம் என்றார்கள்.

என் நாத்தனாருக்கு அந்த ஏப்ரலில்தான் நியூ ஜெர்சியில் பிரசவம். பிள்ளையைத் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அவள் கையில் பம்பைக் கொடுத்து, பீச்சிய பாலை நர்ஸ் வந்து வாங்கிப் போய்ப் புகட்டினார். எனக்கு அடுத்த வருஷம், இரண்டாம் அலையில், மும்பையில் ஒரு நர்சிங் ஹோமில். லேசான இருமல்தான். பிள்ளையைத் தூக்கிப் போனவர்கள் பவுடர் பாலைப் பாட்டிலில் கொடுத்தார்கள். எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாய்க் கனத்தது. பீச்சித் தருகிறேன் என்று கெஞ்சியும் வாங்க ஆளில்லை. வெளிநாட்டைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே பம்ப் கொடுத்தது தெரியவில்லை. தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க முடியாத ஊரில் பாட்டிலால் வரும் வயிற்றுப்போக்கு சின்ன ஆபத்தா?

டிஸ்சார்ஜ் பையில் இலவசமாக ஒரு பால் பவுடர் டின் வேறு. பால் பவுடரை இலவசமாகக் கொடுப்பதைத் தடை செய்யும் 1992 சட்டப்படி அது குற்றம். இதே மும்பையில்தான் 1989இல் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார்.

வீட்டில் பிள்ளை மார்பில் வாய் வைக்காமல் திமிறினான். தாராவியில் வளர்ந்த என் மாமியார் பாட்டிலை ஒதுக்கிவிட்டு வெள்ளிப் பாலாடையை, அதாவது பிள்ளைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தை, வெந்நீரில் போட்டு எடுத்தார். அவனை நிமிர்த்திப் பிடித்து, பாலாடை மூக்கை உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார். அவன் விழுங்கிய பிறகே அடுத்தது. மாதம் நிறைவதற்குள் மார்புக்கு வந்துவிட்டான்.

டாக்டர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அந்தக் கூட்டத்தில் அவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவள் நான். பால் சுரக்காமல் பவுடர் கொடுத்த தாய்மாரையும் சொல்லவில்லை. என் கோபம் கேட்டும் மறுத்தவர்கள் மேல். அப்புறம், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டி மேல். பச்சை உடம்புக்காரி இருக்கும் வீட்டு எண்ணை வாட்ஸ்அப்பில் போட்டு, பால்காரரையும் வேலைக்காரம்மாவையும் கேட்டிலேயே நிறுத்தினார்கள். வாடகைக்கு இருக்கும் மதராசி என்றால் கேட்க ஆளில்லை என்ற நினைப்பு.

அட்மிட் ஆகும் முன்பே டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பாசிட்டிவ் வந்தால் பிள்ளை எங்கே இருக்கும்? பிரித்தால் பீச்சிய பாலை யார் வந்து வாங்குவார்கள்? பதிலை ஃபைலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாலாடையைப் பையில் வையுங்கள்.